நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஜப்பான் மலை: இலை சிவப்பது எந்தத் திகதியில்?

கடற்கரைவீதி (திங்கள் இரவு 9.20)

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நாலு பேர்: நான், இவர், ஒன்பது வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா. ஜப்பானில் மலைப்பக்கம் இலை சிவக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாகக் காசு சேர்த்திருக்கிறோம். சேர்த்தது ஒரு தடவைக்குத்தான் காணும். போய் இறங்கும்போது மரமெல்லாம் பச்சையாகவோ மொட்டையாகவோ நின்றால் எனக்கு அழுகை வந்துவிடும்.

நாட்கள்தான் சிக்கல். நவராத்திரி ஒன்பது நாளும் அம்மா கொலுவை விட்டு அசைய மாட்டா. தீபாவளிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அது முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம். ஆக, விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவில் கிடைக்கிற இரண்டரைக் கிழமைக்குள் போய் வர வேண்டும். இந்த முறை அது ஒக்டோபர் 21இல் தொடங்கி நவம்பர் முதல் கிழமையோடு முடிகிறது. மகனுக்குப் பள்ளியில் லீவு எழுதிக் கொடுக்கலாம். அம்மாவுக்கு முருகனிடம் லீவு கேட்க ஏலாது.

ஒவ்வொரு இணையத்தளமும் ஒவ்வொரு திகதி சொல்கிறது. எது சரி? எந்த மலை?

பம்பலப்பிட்டி பஸ் (திங்கள் இரவு 10.05)

தங்கச்சி, திகதியை நம்பிப் போய் நான் பட்டதைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு பயண முகவர் ‘இலையுதிர்கால விசேட சுற்றுலா’ என்று விளம்பரம் போட்டார். படத்தில் கியோத்தோ கோயில் முழுக்க நெருப்பாகச் சிவந்திருந்தது. கூட்டிப் போனது ஒக்டோபர் முதல் கிழமை. அங்கே எங்கள் விகாரமாதேவி பூங்கா மாதிரி எல்லாம் பச்சை. ஒரு கோயில் வாசலில் ஒரேயொரு கிளை மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. பஸ்ஸில் வந்த முப்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று அந்தக் கிளையோடு படம் எடுத்தோம். சாறி உடுத்த அன்ரி ஒருவர் கிளையை முகத்துக்குப் பக்கத்தில் இழுக்கப் போய்க் காவலாளியிடம் ஏச்சும் வாங்கினார்.

கியோத்தோ நகரம் நன்றாகச் சிவக்க நவம்பர் நடுப்பகுதி கழிய வேண்டும், சில வருடம் டிசம்பர் முதல் நாட்கள் வரைகூட இழுக்கும் என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. முகவரிடம் கேட்டேன். “ஒக்டோபர் இலையுதிர்காலம்தானே சேர்” என்றார். நாட்காட்டிப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை.

தலவாக்கலையான் (திங்கள் இரவு 11.30)

அக்கா, உங்களுக்குச் சரியான ஆள் நான்தான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது தெமட்டகொடையில் இருக்கிறேன். நடுவில் ஐந்து வருஷம் ஜப்பானில் உத்சுனோமியா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அங்கிருந்து நிக்கோ மலை பக்கம்தான். லீவு கிடைத்தால் அங்கேதான் கிடப்பேன்.

நீங்கள் திகதியைப் பிடித்துக்கொண்டு மலையைத் தேடுகிறீர்கள். திகதிதான் உங்கள் கையில் இல்லையே, அதை அம்மாவும் பஞ்சாங்கமும் முடிவு பண்ணியாச்சு. நீங்கள் தேட வேண்டியது உயரத்தை. ஆயிரம் மீற்றர் ஏறினால் கிட்டத்தட்ட 6 பாகை குளிர் கூடும். கொழும்பில் வேர்த்து ஊற்றும்போது 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் சுவெட்டர் போடுகிறோமே, அதே கணக்கு. குளிர் முதலில் உச்சியில் தட்டும், அப்புறம் படிப்படியாக இறங்கும். இலையின் நிறமும் அதே மாதிரி மேலேயிருந்து கீழே இறங்கி வரும். ஒரே மலையில் உச்சி உதிர்ந்துவிடும், நடுப்பகுதி எரியும், அடிவாரம் பச்சையாக இருக்கும். எல்லாம் ஒரே நாளில்.

நிக்கோவை வைத்துச் சொல்கிறேன்.

மேலே செஞ்சோகஹரா என்று ஒரு சதுப்பு நிலம், ஏறத்தாழ 1,400 மீற்றர். அங்கே செப்டெம்பர் கடைசியிலேயே புல்லே நிறம் மாறத் தொடங்கிவிடும். ஒக்டோபர் நடுப்பகுதிக்கு அப்புறம் லார்ச் மரங்கள் பொன் நிறம். அதற்குக் கீழே சூசென்ஜி ஏரி, 1,269 மீற்றர். அங்கே ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து கடைசி வரை. ஏரியிலிருந்து இறங்குகிற இரோஹாசாகா மலைப்பாதையில் ஒக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம். அடிவாரத்தில் தோஷோகு கோயில், சிவப்புப் பாலம் எல்லாம் நவம்பர் முதல் பாதி.

இப்போது உங்கள் இரண்டரைக் கிழமையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். எந்த நாள் போனாலும் ஏணியில் ஏதோ ஒரு படியில் நிறம் இருக்கும். நீங்கள் போகிற கிழமை பிந்தினால் ஒரு படி கீழே இறங்குங்கள், முந்தினால் ஒரு படி ஏறுங்கள். ஒரே உயரத்தில் இருக்கிற ஊரில் நாலு நாள் ஹோட்டல் போட்டால் அது லொத்தர் சீட்டு வாங்குகிற மாதிரி.

கடற்கரைவீதி (செவ்வாய் காலை 6.15)

தம்பி, இதை ஏன் ஒரு தளமும் இப்படிச் சொல்லவில்லை! காலையில் இவருக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

ஆனால் ஒரு சந்தேகம். இவர் பார்த்து வைத்திருந்தது தாதேயாமா. கேபிள் கார், ரோப்வே எல்லாம் மாறி மாறி ஏறி மலையைக் கடக்கிற இடம். மகனுக்கும் அதுதான் ஆசை.

தலவாக்கலையான் (செவ்வாய் காலை 6.40)

தாதேயாமா அருமையான இடம்தான். ஆனால் அதன் உச்சி முரோடோ 2,450 மீற்றர். அங்கே நிறம் செப்டெம்பர் கடைசியிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். நீங்கள் போகிற நேரம் பனி விழுந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. கீழே குரோபே அணைக்கட்டுப் பக்கம் ஒக்டோபர் கடைசியில் நன்றாக இருக்கும், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு அத்தனை வண்டி மாறி ஏறி இறங்க வேண்டும். முழங்கால் எப்படி?

இன்னொன்று கமிகோச்சி, 1,500 மீற்றர். 1975இலிருந்து சொந்த வாகனத்தை உள்ளே விடுவதில்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். ஆற்றங்கரையில் சமதரையான நடை. ஒக்டோபர் கடைசியில் லார்ச் பொன்னாக நிற்கும்போது பின்னால் மலையுச்சியில் பனி தெரியும். நவம்பர் 15ஓடு மூடிவிடுவார்கள். அங்கே ஒரே ஒரு படிதான், மேலே கீழே நகர முடியாது. காலநிலை கைகொடுத்தால் நிக்கோவைவிட வடிவு. கைகொடுக்காவிட்டால் மழையங்கியோடு பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாம்.

உயிரியல் ரீச்சர் (செவ்வாய் பின்னேரம் 4.50)

தலவாக்கலையான் தம்பி சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன், பழக்கதோஷம்.

இலையில் மஞ்சள் நிறம் எப்போதும் இருக்கிறது. பச்சையம் அதை மூடிக்கொண்டிருக்கும். நாள் குறுகி இரவு குளிரும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து அதிலிருக்கும் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அப்போது மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. அது ஏற்கெனவே இருந்த நிறம் இல்லை, புதிதாகச் செய்யப்படுவது. இலைக்காம்பின் அடியில் தக்கை போல ஒரு படை வளர்ந்து போக்குவரத்தை அடைக்கத் தொடங்கும். இலையில் உண்டான சீனி வெளியேற முடியாமல் தேங்கும். அந்தச் சீனியிலிருந்து அந்தோசயனின் என்ற சிவப்பு உருவாகும். அதற்குப் பகலில் நல்ல வெயில் வேண்டும், இரவில் குளிர் வேண்டும். மூட்டமும் மழையுமாகப் போகிற வருடத்தில், அல்லது இரவு சூடாக இருக்கிற வருடத்தில், சிவப்பு மங்கிப் பழுப்பு மாதிரித்தான் வரும்.

இரவில் 8 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் நிறம் மாறத் தொடங்கும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்கிற கணக்கு. ஆகவே ஊர்வாரியான திகதியைப் பார்க்காமல், போவதற்கு மூன்று கிழமைக்கு முன்பிருந்து அந்த மலையின் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். கோடை நீண்ட வருடங்களில் எல்லாம் பிந்தி வருகிறது. அப்படியென்றால் நீங்கள் ஏற வேண்டிய படி மேலே.

அங்கே சிவக்கிற மேப்பிள் மரத்துக்கு ஜப்பானியர் சொல்கிற கயெதே என்ற பெயர் ‘தவளைக் கை’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததாம். இலையை விரித்துப் பார்த்தால் விளங்கும். மகனுக்குச் சொல்லுங்கள்.

சும்மா ஒருவன் (செவ்வாய் இரவு 8.10)

இலை காய்கிறதைப் பார்க்க இத்தனை லட்சமா? காலி வீதிக்குக் கீழே கடற்கரைப் பக்கம் போனால் கொட்டம்பா மரம் ஓசியில் சிவந்து நிற்கிறது. ரயிலில் அப்புத்தளை போங்கள், மலையும் குளிரும் அங்கேயே இருக்கிறது.

உயிரியல் ரீச்சர் (செவ்வாய் இரவு 8.35)

கிண்டலாகச் சொன்னாலும் கொட்டம்பா விஷயம் உண்மை. உதிர்வதற்கு முன்னால் அது அப்படியே இரத்தச் சிவப்பாகிவிடும், நிறமியும் அதே குடும்பம்தான். ஆனால் கொழும்பில் பகலின் நீளம் வருடம் முழுக்க 12 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கிறது, இரவும் குளிர்வதில்லை. அதனால் மரங்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் மாறுவதற்கு அறிவிப்பு மணி இல்லை. ஒவ்வொன்றும் தன்பாட்டில் மாறுகிறது. மலை முழுக்க ஒரே கிழமையில் மாறுவதுதான் அங்கே போய்ப் பார்க்க வேண்டியது. அப்புத்தளைக்கு நான் எதிரி இல்லை, ஆனால் ஒக்டோபர், நவம்பரில் அங்கே போனால் மழைதான் வரவேற்கும்.

தலவாக்கலையான் (செவ்வாய் இரவு 8.50)

மழையோடு அட்டையும்.

மருதானை நானா (புதன் காலை 10.20)

காஷ்மீரை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? சினார் மரங்கள் ஒக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை சிவக்கும். ஸ்ரீநகரில் நசீம் பாக் என்று முகலாயர் காலத்துச் சினார் தோப்பு இருக்கிறது. மரத்தின் அடியைச் சுற்றிப் பிடிக்க நாலு ஆள் வேண்டும். அதே நாட்களில் பாம்பூரில் குங்குமப்பூ பூக்கும். சாப்பாடும் எங்களுக்குச் சிக்கல் இல்லை.

ஆனால் தங்கையின் கணக்குக்கு அது சரிவருமா என்று யோசித்துப் பார்த்தேன். சினார் பெரும்பாலும் பள்ளத்தாக்கில், தோட்டத்தில் நிற்பது. தலவாக்கலைத் தம்பியின் ஏணி அங்கே இல்லை. பிந்தினால் பிந்தியதுதான். நான் போனது நவம்பர் இரண்டாம் கிழமை, பாதி மரத்திலும் பாதி நிலத்திலும் கிடந்தது. நிலத்தில் கிடந்ததுதான் எனக்குப் பிடித்தது, நடக்க நடக்கச் சத்தம்.

கடற்கரைவீதி (புதன் பகல் 1.00)

நானா, காஷ்மீர் இன்னொரு முறைக்கு. இப்போது நிக்கோ என்றே வைத்துக்கொண்டோம். அடுத்த கவலை அம்மாவின் சாப்பாடு. சுத்த சைவம், முட்டையும் இல்லை.

நெல்லிக்கிரஷ் (புதன் பகல் 1.40)

அக்கா, இந்தப் பாடத்தில் நான் பெயில் விட்டு வந்தவள். கேளுங்கள்.

ஜப்பானில் மரக்கறிச் சாப்பாடு என்று கண்ணுக்குத் தெரிவதில் பாதி சைவம் இல்லை. அவர்களின் சூப்புக்கும் குழம்புக்கும் அடிப்படையே தாஷி என்கிற சாறு. அது பெரும்பாலும் மாசியில் எடுப்பது. ஓம், நம் மாசிக்கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரம்தான். கத்தரிக்காயை அதில் அவித்துத் தந்துவிட்டு ‘இறைச்சி இல்லை’ என்பார்கள். உண்மைதானே, இறைச்சி இல்லை. நிக்கோவில் யூபா என்று சோயாப் பாலின் ஆடையை எடுத்துச் சமைப்பார்கள். பாலாடை மாதிரி மெல்லிய மடிப்பு, அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எந்தச் சாறில் கிடக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ‘மீன் சாறும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி அச்சடித்த ஒரு துண்டு பேர்ஸில் இருக்க வேண்டும். கோயில் பிக்குகளின் ஷோஜின் சமையல் கிடைத்தால் பயமில்லாமல் சாப்பிடலாம்.

இப்போது என் கதை. ஹோட்டல் அறையில் சோறு வைக்கலாம் என்று இங்கிருந்து சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோனேன். முதல் இரவு அரிசி போட்டு ஆளியை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. அரை மணி, முக்கால் மணி, ஒன்றரை மணி. மூடியைத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசி நீச்சலடிக்கிறது. அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. இவர் கணக்குப் போட்டுச் சொன்னார், சூடு ஐந்தில் ஒரு பங்குதான் வருமாம். அன்று இரவு எல்லோரும் பிஸ்கட். ஆகவே குக்கரைக் கொண்டுபோகாதீர்கள். சூடாக்கிச் சாப்பிடுகிற வெறும் சோறு கடைகளில் பெட்டியாகக் கிடைக்கிறது. பருப்புப்பொடி, இடிச்ச சம்பல், எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோனால் காணும். கறிவேப்பிலை, பழம், இறைச்சி ரோல்ஸ் போன்றதைப் பெட்டியில் வைக்க வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

மருதானை நானா (புதன் பகல் 2.15)

எங்கள் ஆட்களுக்கும் இதில் ஒரு வரி: அவர்களின் சமையலில் மிரின் என்கிற இனிப்பு மது தாராளமாகப் போகிறது. மீன் என்று நம்பிச் சாப்பிட முன்னால் அதையும் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி பஸ் (புதன் இரவு 9.00)

இரோஹாசாகா பற்றித் தம்பி ஒரு வரியில் கடந்துவிட்டார். அம்மாவுக்குப் பஸ்ஸில் சத்தி வருமா? மொத்தம் 48 கொண்டையூசி வளைவு. ஏறும் பாதையில் 20, இறங்கும் பாதை வேறு, அதில் 28. அவர்களின் பழைய நெடுங்கணக்கில் 48 எழுத்து. அ, ஆ, இ, ஈ என்று போடுகிற மாதிரி ஒவ்வொரு வளைவிலும் ஓர் எழுத்துப் பலகை. மகியங்கனைப் பதினெட்டு வளைவில் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் முதல் எழுத்திலேயே மூடிவிடுவது நல்லது.

அதைவிட மோசம் நெரிசல். இலைக் காலத்தில் சனி, ஞாயிறு போனால் அந்த வளைவுகளிலேயே மணிக்கணக்காக நிற்க வேண்டி வரும், பஸ்ஸும் அதே வரிசையில்தான்.

தலவாக்கலையான் (புதன் இரவு 9.25)

அண்ணா சொல்வது சரி. அதற்கு ஒரே வழி மேலேயே தங்குவது. பெரும்பாலானவர்கள் டோக்கியோவிலிருந்து காலையில் வந்து இருட்டும்போது திரும்புவார்கள். நீங்கள் திங்கள் அல்லது செவ்வாய் மேலே ஏறி, சூசென்ஜி ஏரிக்கரையிலோ அதற்கு மேலே யுமோட்டோவிலோ இரண்டு இரவு தங்குங்கள். காலை ஏழு மணிக்கு ஏரி உங்களுடையது, கீழேயிருந்து முதல் கூட்டம் வரும்வரை. அப்புறம் கீழே நிக்கோ ஊரில் ஓர் இரவு. நவம்பர் 3 அங்கே அரசு விடுமுறை, அந்த நாளைத் தவிருங்கள்.

யுமோட்டோவில் வெந்நீர் ஊற்று. கன்னியாவில் கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுகிறோமே, அங்கே தொட்டிக்குள் இறங்கி உட்காருவார்கள். கந்தக வாடை ஊர் முழுக்க இருக்கும். பொதுத் தொட்டியில் உடுப்பு இல்லாமல்தான் இறங்க வேண்டும். அம்மாவுக்கு அது சங்கடம் என்றால், குடும்பத்துக்குத் தனியாகக் கதவு பூட்டித் தருகிற குளியலறை உள்ள விடுதியாகப் பாருங்கள்.

கெகோன் அருவி 97 மீற்றர். கீழே பார்வைத்தளத்துக்கு இறங்க மின்தூக்கி இருக்கிறது, முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. சதுப்பு நிலத்தில் மரப்பலகைப் பாதை. விடியற்காலையில் பலகையில் உறைபனி இருந்தால் வழுக்கும், ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள். பையில் ஒரு சின்ன மணி கட்டிக்கொள்ளுங்கள், கரடிக்கு. சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுவே விலகிப் போகும். மகனிடம் கொடுத்தால் தேவைக்கு மேலேயே ஆட்டுவான்.

பொழுது சாய்வதையும் கவனியுங்கள். ஒக்டோபர் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மலைக்குப் பின்னால் என்றால் இன்னும் முன்னதாக. கொழும்புப் பழக்கத்தில் பகல் இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் அன்றைய நாள் போச்சு.

நெல்லிக்கிரஷ் (புதன் இரவு 9.50)

ரயில் பாஸ் பற்றி: நாடு முழுக்கப் போகிற ஜே.ஆர். பாஸ் 7 நாளுக்கு முன்பு 29,650 யென், 2023 ஒக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவும் நிக்கோவும் மட்டும் என்றால் அது வீண் செலவு. டோக்கியோ அசகுசாவிலிருந்து தோபு ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் நிக்கோ. வெளிநாட்டவருக்கு நாலு நாள் பாஸ் ஒன்று இருக்கிறது, மேலே யுமோட்டோ வரை பஸ்ஸும் அதில் அடங்கும். கடுகதிக்கு மட்டும் தனியாகக் கட்ட வேண்டும்.

விசாவுக்கு அவசரப்பட்டு ஜூனிலேயே ஓடாதீர்கள். ஒருமுறை நுழைகிற விசா கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் நல்ல நேரம். அது கையில் வரும்வரை காசு திரும்பாத ஹோட்டல் எதையும் போடாதீர்கள்.

சும்மா ஒருவன் (வியாழன் காலை 7.30)

எல்லாம் சரி. அந்த நேரம் சூறாவளி வந்தால்?

தலவாக்கலையான் (வியாழன் காலை 7.45)

வரலாம். 2019 ஒக்டோபர் 12 ஹகிபிஸ் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஹக்கோனே என்கிற இன்னொரு மலையில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய், அடுத்த வருஷம் ஜூலையில்தான் திரும்ப ஓடியது. ஒக்டோபர் கடைசிக்கு ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. மலைக்கு முன்னும் பின்னும் டோக்கியோ நாட்களைப் பிரித்து வையுங்கள், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

கடற்கரைவீதி (வெள்ளி இரவு 10.10)

முடிவாகிவிட்டது. ஒக்டோபர் 24 சனி கட்டுநாயக்காவிலிருந்து நேரே நரிட்டா. டோக்கியோவில் இரண்டு இரவு. செவ்வாய் காலை மேலே. சூசென்ஜியில் இரண்டு இரவு, கீழே ஒரு இரவு, வெள்ளி டோக்கியோ. நவம்பர் 2 வீட்டில். தீபாவளிப் பலகாரத்துக்கு ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது என்று அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றா. ஏரியில் பிந்திப்போனால் இரோஹாசாகா, அதுவும் பிந்தினால் கோயில். தம்பி சொன்ன ஏணியை வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம்.

ஒரு உதவி. எங்களுக்குப் புறக்கோட்டையில் ஏற்றுமதி மிச்ச உடுப்புக் கடையில் நல்ல ஜாக்கெட் கிடைத்தது. மகனின் அளவுக்கு மட்டும் எங்கும் இல்லை. நாலு நாள் போட்டுவிட்டு அடுத்த வருடம் கட்டையாகிவிடும், புதிதாக வாங்க மனம் இல்லை. இரவில் 4, 5 பாகைக்குத் தாங்குகிற மாதிரி யாரிடமாவது இரவலுக்கு இருக்கிறதா?

உயிரியல் ரீச்சர் (வெள்ளி இரவு 10.25)

என் பேரனுடையது இருக்கிறது, பத்து வயது அளவு, நீலம். ஸிப் பாதியில் சிக்கும், மெழுகுதிரியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் ஓடும். ஞாயிறு பின்னேரம் வந்து எடுங்கோ, தெஹிவளைச் சந்தியில் இறங்கிவிட்டு இங்கே ஒரு தகவல் போடுங்கோ.